முப்பத்தேழாம் நம்பர்

அத்தியாயம் 14

போன கிழமை, குணமணி ரீச்சர் வீட்டுப் படலையை விடியற்காலையில் யாரோ தட்டும் இடத்தில் நிறுத்திவிட்டேன். அதற்கு எனக்கு நல்ல ஏச்சு விழுந்தது. "தட்டினது ஆர், ஆமியோ?" என்று சந்தையில் வைத்தே ஒரு அம்மா மறித்துக் கேட்டார். ஆமி இல்லை அம்மா. ஆமி படலையைத் தட்டிக்கொண்டு நிற்பதில்லை.

புதிதாக வாசிப்பவர்களுக்காக இரண்டு வரி. இந்த வீட்டில் மூன்று பேர். குணமணி, துறைமுகப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் கணக்கு ரீச்சர், பதினோராம் வகுப்புக்குப் பொறுப்பு. கணவர் யோகலிங்கம், சீனன்குடா எண்ணெய்க் களஞ்சியத்தில் பன்னிரண்டு வருடமாக வேலை. அவருடைய தங்கை சீதேவி, முன் அறையில் மெஷின் போட்டு அரைவாசித் திருகோணமலைக்குப் பள்ளிச் சட்டை தைப்பவள். யோகலிங்கத்தின் வாசல் பாஸை மூன்று மாதத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்க வேண்டும். அந்தத் தவணை இந்த வெள்ளிக்கிழமை. வீட்டில் எவருடைய பெயராவது ஏதாவது விசாரணைப் புத்தகத்தில் ஏறினால் பாஸ் கிடையாது. இந்தத் தொண்ணூற்றேழாம் ஆண்டில் பாஸ் போனால் வேலையும் போனதுதான்.

தட்டியது ஒரு தாய். பெயர் தங்கமுத்து. ஏழு வருடத்துக்கு முன் சம்பூர்ப் பக்கத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்து, கடற்கரைக் கொட்டில் ஒன்றில் இருந்துகொண்டு கருவாட்டு வாடியில் கூலி வேலை செய்பவள். ஓடி வந்ததில் மூச்சு வாங்க, கதைக்க ஏலாமல் நின்றாள்.

"ரீச்சர், என்ர பிள்ளையைப் பிடிச்சு வைச்சிருக்கிறாங்கள். லோஞ்சு ஏறுற ஜெற்றிக் காவல் சென்றியில."

குணமணி சேலைக்கு ஊசி குத்திக்கொண்டிருந்தார். கை அப்படியே நின்றது.

"எந்தப் பிள்ளை?"

"பவளராணி. உங்கட வகுப்புத்தான். கடலால மூதூருக்குப் போக லோஞ்சு வரிசையில நிண்டவள். அடையாள அட்டையை வாங்கிப் பாத்திட்டு, படத்தில இருக்கிறது நீ இல்லையெண்டு இழுத்து இருத்திப் போட்டாங்கள். படிவத்தில கையெழுத்து வைச்ச ரீச்சர் நேரில வந்து சொல்லோணுமாம். பன்னிரண்டு மணிக்கு வண்டி வருமாம். அதுக்குள்ள வராட்டில் பெரிய முகாமுக்கு ஏத்திப் போடுவாங்களாம், ரீச்சர்."

பெரிய முகாம் என்றால் என்ன என்று இந்த ஊரில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. மூன்று நாளில் திரும்பி வந்தவர்களும் இருக்கிறார்கள், மூன்று வருடமாக வராதவர்களும் இருக்கிறார்கள்.

பவளராணி. குணமணிக்கு உடனே ஞாபகம் வந்தது முப்பத்தேழு. வகுப்பு வரவு இடாப்பில் முப்பத்தேழாம் நம்பர். நடு வரிசையோ, பின் வரிசையோ? கறுப்போ, சிவலையோ? ரீச்சர் கண்ணை மூடிப் பார்த்தார். முகம் வரவில்லை.

அவரைக் குறை சொல்ல முதல் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். வகுப்பில் ஐம்பத்திரண்டு பிள்ளைகள். அதில் அரைவாசி இடம்பெயர்ந்து வந்து இடையில் சேர்ந்தவர்கள். பெயர் கூப்பிட்டு இடாப்பு எடுத்தால் கால் மணித்தியாலம் போய்விடும். நம்பர் கூப்பிட்டால் ஒன்றரை நிமிடம். கரும்பலகையில் திகதி எழுதிக்கொண்டே, திரும்பிப் பாராமலே, "முப்பத்தாறு, முப்பத்தேழு" என்று ரீச்சர் முடித்துவிடுவார். கல்விக் கந்தோரிலிருந்து வந்த ஒருவர் இதை மெச்சிவிட்டும் போனார். அடையாள அட்டைப் படிவங்கள் வந்தபோதும் அதே வேகம்தான். ஒரு ஓய்வுப் பாடவேளைக்குள் ஐம்பத்திரண்டு படத்தையும் ஒட்டி, "இவர் என்னால் நேரில் அறியப்பட்டவர்" என்ற வரிக்குக் கீழே ஐம்பத்திரண்டு கையெழுத்து. எனக்கு இந்த ரீச்சரில் கோபம் இருக்கிறது, மறைக்கவில்லை. ஆனால் சோம்பேறி என்று மட்டும் சொல்ல மாட்டேன்.

"படம் மங்கலா விழுந்திருக்கும்," என்றார் குணமணி. "நான் வந்து சொல்லுறன். நடவுங்கோ."

முன் அறையில் மெஷின் சத்தம் நின்றது. சீதேவி வாயில் கவ்வியிருந்த குண்டூசிகளை எடுத்துவிட்டு எட்டிப் பார்த்தாள்.

"தங்கமுத்தக்கா, பிடிச்சது மூத்தவளையோ, இளையவளையோ?"

தங்கமுத்துவின் முகம் செத்துப் போனது.

"என்ன மூத்தவள் இளையவள்?" என்றார் குணமணி. "என்ர வகுப்பில ஒரு பவளராணிதான் இருக்கிறா."

"மச்சாள், உங்களுக்குத் தெரியாதே?"

"என்ன தெரியாது?"

"தை மாசம் ஒரு சட்டைத் துணியைக் கொண்டு வந்து ரெண்டு பிள்ளையளுக்கும் அளவு எடுக்கச் சொன்னவ. மூத்தவளுக்குத் தோள் அகலம். இளையவள் ஒல்லி, ஆனால் அரை அங்குலம் உயரம். மூத்தவளின்ர அளவுக்குத் தைச்சு, இளையவள் போடேக்க இறுக்கிக் கட்ட உள்ளுக்கு ஒரு நாடா வைச்சுக் குடுத்தனான். ஒருநாள் அவள், ஒருநாள் இவள்."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீங்கள் ரெண்டு வருசமாப் படிப்பிக்கிற பிள்ளையளைப் பற்றி, சட்டை தைக்கிற நான் வந்து உங்களுக்குச் சொல்லுறதே?"

தங்கமுத்து நிலத்தில் இருந்துவிட்டாள். இனி மறைக்க என்ன இருக்கிறது. தொண்ணூறில் ஓடி வரும்போது பெட்டிக்குள் இருந்தது மூத்தவளின் பிறப்புப் பத்திரம் மட்டும்தான். இளையவள் கனகராணியின் பத்திரம் வீட்டோடு எரிந்துவிட்டது. பத்திரம் இல்லாமல் சேர்க்க ஏலாது என்று பாடசாலையில் சொல்லிவிட்டார்கள். ஒரு பிள்ளையைப் படிக்க விட்டு மற்றதைக் கருவாடு பிரட்ட விடத் தாய்க்கு மனம் வரவில்லை. அக்கா திங்கள் போனால் தங்கை செவ்வாய். பின்னேரம் போய் வந்தவள் போகாதவளுக்குச் சொல்லிக் கொடுப்பாள். படம்பிடிக்கிறவர் பாடசாலைக்கு வந்த நாள், தங்கையின் முறை. அதனால் அட்டையில் பவளத்தின் பெயரும் கனகத்தின் முகமும்.

"கனகத்தின்ர பிறப்புப் பதிவு மூதூர்க் கந்தோரில எரியாமல் கிடக்காம் எண்டு நேற்று ஒராள் சொன்னவர், ரீச்சர். அதை எடுக்கத்தான் இவள் போனவள்."

குணமணிக்கு முதலில் வந்தது இரக்கம் இல்லை, கோபம். "முழுப் பூசணிக்காயைச் சோத்துக்க மறைச்சிருக்கிறியள்! என்னை வைச்சுப் பொய்க் கையெழுத்து வாங்கியிருக்கிறியள்!" என்று கத்தினார்.  மறைத்தார்களா, அல்லது ரீச்சர் சோற்றையே பார்க்கவில்லையா என்று நான் கேட்கலாம். அவருக்கே அது பிறகு விளங்கும்.

கிணற்றடியில் இருந்து யோகலிங்கம் வந்தார். ஒரு கன்னத்தில் சவர்க்கார நுரை, மற்றக் கன்னம் வழித்தாயிற்று. எல்லாவற்றையும் கேட்டிருந்தார்.

"நீர் போகக் கூடாது."

"பன்னிரண்டு மணிக்குப் பிள்ளையைக் கொண்டு போயிடுவாங்கள்."

"காய்ச்சல் எண்டு படுத்துக் கிடவும். இண்டைக்கு எனக்குப் பாஸ் தாற நாள், தெரியுமெல்லே? பத்து மணிக்கு வீட்டு ஆக்களின்ர பெயரை ஒவ்வொண்டா வாசிப்பான். பொய்யா அத்தாட்சிப்படுத்தினவ எண்டு உம்மட பெயர் இருந்தால் என்னைக் கேற்றடியிலயே திருப்பிப் போடுவான்."

"அப்ப அந்தப் பிள்ளை?"

"உமக்கு ஆரெண்டே தெரியாத பிள்ளை!"

அவர் குத்திக் காட்டச் சொல்லவில்லை, பயத்தில் சொன்னார். ஆனால் குணமணிக்குக் கன்னத்தில் அறை விழுந்த மாதிரி இருந்தது. நேரே உள்ளே போனார்.

மேசையில் திருத்துவதற்கு ஐம்பத்திரண்டு கணக்குக் கொப்பிகள் கிடந்தன. முப்பத்தேழை உருவி எடுத்துத் திறந்தார். முதல் பக்கத்தில் எழுத்து இடது பக்கம் சரிந்து, மை லேசாக இழுபட்டிருந்தது. அடுத்த பக்கத்தில் எழுத்து நிமிர்ந்து, ஒவ்வொரு இலக்கமும் பெட்டிக்குள் அடங்கி நின்றது. பிறகு மறுபடி சரிவு, மறுபடி நிமிர்வு. கொப்பி முழுக்க அப்படி. ஒவ்வொரு பக்கத்துக்கும் கீழே அவருடைய சிவப்புக் கையெழுத்து. ஓரிடத்தில், "எழுத்தை ஒரே மாதிரி எழுதப் பழகு" என்றுகூட எழுதியிருந்தார்.

போன தவணைத் தேர்ச்சி அறிக்கையில் தான் எழுதியதும் அவருக்கு ஞாபகம் வந்தது. "ஒரு நாள் கெட்டிக்காரி, மறுநாள் ஒன்றும் தெரியாதவள். அக்கறை போதாது."

கோணேசப் பெருமானே என்று கட்டிலில் இருந்துவிட்டார். வெட்கத்தில் அழுகை வந்தது. அழ நேரமில்லை. கொப்பியைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு வெளியே வந்தார். யோகலிங்கம் படலையடியில் மறித்து நின்றார். நுரை காய்ந்து போயிருந்தது.

"விலகுங்கோ," என்றார் குணமணி.

"நான் சொன்னதைக் கேளும்."

"நான் கண்ணை மூடிக்கொண்டு வைச்ச கையெழுத்துக்கு அந்தப் பிள்ளை உள்ளுக்கு இருக்குது. விலகுங்கோ."

அவர் விலகினார். ஆனால் கூட வரவில்லை.

சென்றி வாசலில் இரண்டரை மணித்தியாலம் காக்க வைத்தார்கள். மண்மூட்டைகளுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டில், அதற்குள் ஒரு மேசை, இரண்டு கதிரை, சுவர் ஓரமாக ஒரு நீள வாங்கு. ஒன்பதே முக்காலுக்குத்தான் உள்ளே விட்டார்கள். தங்கமுத்துவை வெளியே நிற்கச் சொன்னார்கள்.

பொறுப்பதிகாரிக்கு நாற்பது வயது இருக்கும். தமிழ் கொஞ்சம் தட்டித் தட்டிப் பேசினார். சத்தம் போடவில்லை, அதுதான் குணமணிக்கு இன்னும் பயமாக இருந்தது.

"இது உங்க பிள்ளையா, டீச்சர்?"

வாங்கில் ஒரு பெண்பிள்ளை. நீலப் பூப்போட்ட பழைய சட்டை, இரட்டைப் பின்னல். இடது புருவத்தை வெட்டிக்கொண்டு ஒரு பழைய தழும்பு. விரல் நீளத் தழும்பு! குணமணி இந்த முகத்தை முன்பு பார்த்ததாகவே அவருக்கு நினைவில்லை. பிள்ளை ரீச்சரைக் கண்டதும் எழும்பி நின்றாள். சென்றிக்காரனைக் கண்டு இருந்த பயத்தைவிட இப்போது கூடுதலாக நடுங்கினாள்.

"ஓம். என்ர மாணவி."

"படத்துல இந்த அடையாளம் இல்ல. என் பொடியன் ஒரு நிமிஷத்துல பார்த்தான். நீங்க ரெண்டு வருஷம் பார்க்கலயா?"

குணமணி மறுபடி அந்தத் தழும்பைப் பார்த்தார்.

"சரி. உங்க மாணவின்னா ஏதாவது சொல்லுங்க. அப்பா என்ன செய்றார்? வீடு எங்க? என்ன பாடம் நல்லா வரும்?"

"பதினோராம் வகுப்பு... முப்பத்தேழாம் நம்பர்."

"நம்பர் எங்ககிட்டயும் இருக்கு, டீச்சர்," என்றார் அவர், மேசையில் கிடந்த பெரிய விசாரணைப் புத்தகத்தைத் தட்டி.

அந்த மேசைக்கு முன்னால் நின்று குணமணி பட்ட அவமானத்தை என்னால் முழுக்க எழுத ஏலாது. இருபது வருடம் படிப்பித்தவர். ஒரு பிள்ளையைப் பற்றி ஒரு சொல் சொல்லத் தெரியாமல் நின்றார். கடைசியில் கைப்பைக்குள் இருந்து கொப்பியை எடுத்தார்.

"இது இவவின்ர கொப்பி. ஒரு பேனை குடுங்கோ. எழுதட்டும், ஒத்துப் பாருங்கோ."

பிள்ளை பேனையை இடக்கையால் வாங்கினாள். முதல் பக்கத்துக் கணக்கை எழுதினாள். சரிந்த எழுத்து, இழுபட்ட மை, அச்சாக அதே. குணமணிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "பாத்தீங்களே?" என்றார்.

அதிகாரி பார்த்தார். பார்த்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பினார்.

"இது வேற ஆள் எழுத்து. இது யாரு?"

உள்ளதும் போச்சு. ஒரு வாசலால் தப்பப் போய், மற்ற வாசலைத் தானே திறந்து கொடுத்துவிட்டார்.

"ரீச்சர்," என்று பிள்ளை வாயை அசைக்காமல் சொன்னாள், "நான் மட்டும்தான் எண்டு சொல்லுங்கோ. ரெண்டும் என்ர எழுத்தெண்டு சொல்லுங்கோ."

சொல்லலாம். ஆனால் சொன்னால் அட்டையில் இருப்பது யாரோ ஊர் பேர் தெரியாத ஒருத்தியின் முகமாகிவிடும். கள்ள அட்டை வைத்திருந்தவள் என்று இந்தப் பிள்ளையைத்தான் வண்டியில் ஏற்றுவார்கள். உண்மையைச் சொன்னால் தங்கையைக் கூட்டி வா என்பார்கள். எப்படிப் போனாலும் முட்டுச் சுவர்தான். குணமணி அதிகாரியை நிமிர்ந்து பார்த்தார்.

"அது இவவின்ர தங்கச்சி. படத்தில இருக்கிறதும் அவதான். அவவும் என்ர வகுப்பில படிக்கிறா. பிழை பிள்ளையளில இல்லை. பாராமல் கையெழுத்து வைச்சது நான்."

"கூட்டிட்டு வாங்க. பன்னிரண்டுக்கு முன்னாடி. உங்க அட்டை இங்க இருக்கட்டும்."

பவளம் இப்போதுதான் நிமிர்ந்து ரீச்சரின் முகத்தைப் பார்த்தாள். "ஏன் ரீச்சர் சொன்னனீங்கள்?" என்றாள். அவள் கண்ணில் இருந்தது வெறுப்பு.

பாடசாலைக்குக் குணமணி போய்ச் சேரும்போது பதினொன்றுக்குக் கிட்ட ஆகிவிட்டது. வகுப்பில் ஆசிரியர் இல்லாததால் ஒரே இரைச்சல். அவரைக் கண்டதும் ஐம்பத்திரண்டு பிள்ளைகளும் எழும்பினார்கள்.

"கனகராணி," என்றார் குணமணி.

ஒருவரும் அசையவில்லை. அந்தப் பெயரை அவர் அந்த அறையில் ஒருநாளும் சொன்னதில்லை. பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"கனகம், பயப்பிடாதை. எனக்குத் தெரியும். ஆர் கனகம்?"

நாலாம் வாங்கில் இருந்த ஒருத்தி பக்கத்தில் நின்றவளை மெல்ல முன்னே தள்ளிவிட்டாள். "இவதான் ரீச்சர். இண்டைக்கு இவவின்ர முறை. நேற்று அக்கா வந்தவ."

"உங்களுக்கெல்லாம் தெரியுமோ?"

"ஓம் ரீச்சர்," என்றது வகுப்பு முழுவதும்.

"அப்ப ஏன் ஒருத்தரும் எனக்குச் சொல்லேல்லை?"

பதில் சொன்னது கனகம்தான். வாய்க்காரி அல்ல, மெல்லிய குரல். "நீங்கள் கேக்கேல்லையே, ரீச்சர்."

வெளியே கூட்டிப் போய் வேப்பமரத்தடியில் வைத்து எல்லாவற்றையும் சொன்னார். ஒன்றையும் குறைக்கவில்லை.

"நான் வராட்டில்?"

"அக்காவை ஏத்திப் போடுவாங்கள்."

"வந்தால் அக்காவை விடுவாங்களோ? ரெண்டு பேரையும் வைச்சிருப்பாங்களோ?"

"எனக்குத் தெரியாது, பிள்ளை."

கணக்கு ரீச்சர் தெரியாது என்று சொல்லிக் கனகம் கேட்டதே இல்லை. குனிந்து செருப்பு வாரை இறுக்கிப் போட்டாள். பிறகு, "போவம்," என்றாள்.

நடந்து போக இருபது நிமிடம். அந்த இருபது நிமிடத்தில் குணமணி கேட்டார், கனகம் சொன்னாள். தகப்பன் சின்னப்போடி தொண்ணூறில் காணாமல் போனவர். அக்காவின் புருவத்துத் தழும்பு, ஓடி வரும்போது தோணி விளிம்பில் அடிபட்டது. அக்காவுக்குத் தமிழ் நல்லாக வரும், பாட்டுக் கட்டுவாள். கனகத்துக்குக் கணக்கில் பைத்தியம்.

"அக்காவுக்கு ஏன் கணக்கு வராது?"

"வரும் ரீச்சர். வீட்டில நான் சொல்லிக் குடுத்தால் செய்வாள். வகுப்பில நீங்கள் முப்பத்தேழு எண்டு கத்தினால் அவளுக்கு எல்லாம் மறந்து போகும். இடக்கையால எழுதுறதைக் கண்டால் அடிப்பீங்களோ எண்டும் பயம்."

"நான் ஒருநாளும் அதுக்கு அடிச்சதில்லையே."

"அவளுக்கு அது தெரியாதே, ரீச்சர்."

குணமணி நடுரோட்டில் நின்றார். கனகத்தின் கையைப் பிடித்துக்கொண்டார். பிள்ளையின் கை ஈரமாக இருந்தது.

அதிகாரி இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்க வைத்தார். வாசலில் நின்ற தங்கமுத்து கொடுத்தனுப்பிய பிறப்புப் பத்திரத்தையும் அட்டையையும் மேசையில் வைத்து மாறி மாறிப் பார்த்தார்.

"பேர் இவளுக்கு. முகம் அவளுக்கு. நான் யாரை விடுறது?"

"ரெண்டு பேரையும் விடுங்கோ, ஐயா. இப்ப கேளுங்கோ, சொல்லுறன்."

அவர் கேட்காமலே குணமணி சொன்னார். வழியில் கனகத்திடம் கேட்டறிந்ததெல்லாம் சொன்னார். தோணி, தழும்பு, இடக்கை, பாட்டு, பயம். சொல்லச் சொல்லப் பவளம் தங்கையைத் திரும்பிப் பார்த்தாள், பிறகு ரீச்சரைப் பார்த்தாள். அதிகாரி ஒரு வெள்ளைத் தாளை எடுத்து அவர் பக்கம் தள்ளினார்.

"எழுதுங்க. இந்த முறை பார்த்து எழுதுங்க."

அவர் சொன்னதில் நக்கல் இருந்ததா என்று குணமணிக்குத் தெரியவில்லை. இருந்திருந்தாலும் ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். ஒவ்வொரு பிள்ளையின் முகத்தையும் பார்த்து, ஒவ்வொரு வரியாக எழுதிக் கையெழுத்து வைத்தார்.

அதிகாரி அதை வாசித்து முடித்தார். "இவளுக்குப் பிறப்புப் பத்திரம் இருக்கு. போகலாம்," என்று பவளத்தைக் காட்டினார். பிறகு கனகத்தைக் காட்டினார். "இவளுக்குப் பேருக்கு ஒரு துண்டுக் கடுதாசி இல்ல. இவ இருக்கணும்."

"ஐயா, நான்தான் இவவைக் கூட்டிக்கொண்டு வந்தனான்! நீங்கள் கேட்டு!"

"தெரியும். அதனால வண்டிய நாலு மணிக்கு வரச் சொல்றேன். மூதூர்ல இருந்து பதிவு வரட்டும். வராட்டி என் கையில இல்ல. ஒரு விஷயம், டீச்சர். இந்தக் கடிதத்துக்குப் பிரதி மேலே போகும். உங்க பேரும் போகும்."

பவளம் தங்கையைக் கட்டிப் பிடித்து அழுதாள். நான் இருக்கிறன், அவளை விடுங்கோ என்று கெஞ்சினாள். ஒன்றும் எடுபடவில்லை. நண்பகல் லோஞ்சுக்குச் சங்கு ஊதியது. ரீச்சரின் கையெழுத்து வைத்த துண்டு ஒன்றுடன் தாயும் மகளும் மூதூருக்கு ஓடினார்கள். லோஞ்ச் போக ஒரு மணித்தியாலம், வர ஒரு மணித்தியாலம். கந்தோரில் அந்தப் புத்தகம் இருக்குமா, எரிந்து போயிருக்குமா, வெள்ளிக்கிழமைப் பின்னேரம் எழுதுவினைஞர் கதிரையில் இருப்பாரா, யாருக்குத் தெரியும்?

"நீங்க போகலாம், டீச்சர்," என்றார் அதிகாரி. அடையாள அட்டையைத் திருப்பி நீட்டினார்.

குணமணி அதை வாங்கவில்லை. வாங்கில் கனகத்துக்குப் பக்கத்தில் போய் இருந்தார். அதிகாரி தோளைக் குலுக்கிவிட்டு அட்டையை மேசை லாச்சிக்குள் போட்டார்.

"ரீச்சர், உங்களுக்குப் பயமா இருக்கே?" என்று கனகம் கேட்டாள்.

"ஓம்."

"எனக்கும்."

இதற்கிடையில் சீதேவி சும்மா இருக்கவில்லை. மச்சாள் வராததைக் கண்டு சென்றி வாசல் வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டு, நேரே பாஸ் கொடுக்கும் கந்தோருக்குப் போனாள். யோகலிங்கம் அப்போதுதான் புதுப் பாஸுடன் வெளியே வந்துகொண்டிருந்தார். முத்திரை மை இன்னும் காயவில்லை.

"அண்ணை, மச்சாள் உள்ளுக்கு இருக்கிறா."

"நான் சொன்னனான்தானே! சொன்னனான்தானே!"

"சொன்னது சரி. இப்ப என்ன செய்யப் போறீங்கள்?"

யோகலிங்கம் சைக்கிளில் ஏறினார். ஒன்றேகால் மணிக்குக் குணமணி அவரைக் கண்டார். தகரக் கதவின் இடைவெளியால் ரோட்டுத் தெரிந்தது. யோகலிங்கம் சென்றியைப் பாராமல், தலையைக் குனிந்துகொண்டு, சீனன்குடாப் பக்கமாக உழக்கிக்கொண்டு போனார்.

போகட்டும், வேலை மிஞ்சட்டும் என்று குணமணி நினைத்தார். அப்படி நினைத்தாலும் கண் நிறைந்துவிட்டது. பதினெட்டு வருடம் ஒரே வீட்டில் இருந்த மனிதர் திரும்பிக்கூடப் பார்க்காமல் போகிறாரே.

சந்தியில் சைக்கிள் நின்றது. நீண்ட நேரம் நின்றது. பிறகு திரும்பியது.

வாசலில் இருந்த சென்றிக்காரன் துவக்கைக் குறுக்கே நீட்டினான். கொட்டிலுக்குள் இருந்த குணமணியைக் காட்டி, தெரிந்த நாலு தமிழ்ச் சொல்லில் கேட்டான்.

"இந்த அம்மா தெரியுமா?"

யோகலிங்கம் உள்ளே பார்த்தார். மனைவியைப் பார்த்தார், பக்கத்தில் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டிருந்த, தான் ஒருநாளும் கண்டிராத பிள்ளையைப் பார்த்தார். நெற்றி முழுக்க வேர்வை. வலது கன்னத்தில் சவரம் பாதியில் நின்றிருந்தது.

"தெரியும்," என்றார். "என்ர மனுசி. நானும் உள்ளுக்கு வரவேணும்."

சென்றிக்காரன் கையை நீட்டினான். யோகலிங்கம் சட்டைப் பையிலிருந்து பாஸை எடுத்துக் கொடுத்தார். அவன் அதை அதிகாரியிடம் கொண்டு போக, அதிகாரி பெயரை வாசித்துவிட்டுப் பெரிய புத்தகத்தைத் திறந்தார்.

கனகம் வாங்கின் ஓரத்துக்குத் தள்ளி இருந்து அவருக்கும் இடம் விட்டாள். கடலில் லோஞ்சை இன்னும் காணவில்லை.